நம்பர் இருந்த இடம்

தளவாய்க்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குடி இல்லை, சீட்டு இல்லை. துருவைக் கண்டால் கை சும்மா இருக்காது. அடுத்தவர் வீட்டு கேட்டில் ஒரு பொட்டுத் துரு தெரிந்தாலும் போதும், பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு நகத்தால் சுரண்ட ஆரம்பித்துவிடுவான். திருநெல்வேலிப் பக்கமிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாக வெல்டிங் பட்டறைகளில் அந்தக் கையை வைத்துத்தான் பிழைத்தான். அதே கை ஒருநாள் காலை வாரிவிடும் என்று யார் கண்டது!

கோவளத்தில் ஒரு ரிசார்ட் தன் பழைய கோல்ஃப் வண்டிகளை ஏலம் விட்டபோது தளவாய் ஒன்றை எடுத்தான். எட்டு வருஷம் கடல் காற்றில் நின்ற வண்டி. பின்சீட்டைக் கழற்றிவிட்டு ஸ்ட்ரெச்சர் பூட்ட இடம் செய்தான். வீல்சேர் ஏற மடக்குப் பலகை வைத்தான், ஆக்சிஜன் சிலிண்டருக்கு வளையம் வைத்தான், புது லித்தியம் பேட்டரி போட்டான். ஒரு தனியார் ஆஸ்பத்திரி தன் வளாகத்துக்குள் நோயாளிகளைக் கட்டடம் விட்டுக் கட்டடம் கொண்டுபோக அதை மாத வாடகைக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தது. ஒரே நிபந்தனைதான். வெள்ளிக்கிழமைக்குள் இன்சூரன்ஸ் பேப்பர் வரவேண்டும், வராவிட்டால் வேறு ஆள். இதை நம்பித் தளவாய் பட்டறை வேலையையும் விட்டிருந்தான்.

பதிவு எண் இல்லாத, ரோட்டில் ஓடாத, பாதி கம்பெனியும் பாதி கைவேலையுமான வண்டிக்கு எந்தப் பட்டியலில் விலை இருக்கும்? ஆள் வந்து பார்த்து மதிப்புப் போட்டால்தான் உண்டு. இன்சூரன்ஸ்காரர்கள் நாகேஸ்வரனை அனுப்பினார்கள். கரமனை அக்ரஹாரத்துக்காரர், முப்பது வருஷ சர்வேயர். புதன்கிழமை காலை தளவாயின் தகரக் கொட்டகைக்கு வந்து வண்டியை இரண்டு சுற்று சுற்றினார். பலகையை மடக்கினார், விரித்தார், அதன்மேல் ஏறி நின்று குதித்தும் பார்த்தார்.

"பேஷா இருக்கு ஓய். ஏலத்துல லட்சத்து நாப்பதாயிரம். பேட்டரிக்கு பில் இருக்கு. மத்ததுக்கெல்லாம்?"

"மத்ததெல்லாம் நம்ம கைவேலைதானே சாரே. எனக்கு நானே பில்லு போட முடியுமா?"

"வேறொருத்தன் பண்ணியிருந்தா என்ன கேட்டிருப்பான்? அதைச் சொல்லும்."

தளவாய் முழித்தான். அவன் கைக்கு என்ன விலை என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. "ஒண்ணு... ஒண்ணரை வரும் சாரே."

"ரெண்டுன்னு சொல்லுங்க!" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தாள் அவன் மனைவி ஆவுடைத்தாய். "மூணு மாசம் சோறு தண்ணியில்லாம இதுக்குள்ளேயே கெடந்தியளே, அது கணக்குல இல்லையா?"

நாகேஸ்வரன் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். பிறகு டிரைவர் சீட்டைத் தூக்கி, அடியிலிருந்த சட்டத்தின்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். இரும்பில் குத்தியிருக்கும் சேசிஸ் நம்பர் தாளில் தெளிந்து வரவேண்டும். தாள் முழுக்கக் கறுத்ததே தவிர ஓர் எண்கூட வரவில்லை.

"அங்கன மகா துரு சாரே," என்றான் தளவாய், பெருமை தாங்காமல். "கிரைண்டர் வச்சு வெள்ளி மாதிரி எடுத்துட்டேன். ஒரு தகடு வேற தொங்கிக்கிட்டு கெடந்துது, அதையும் தூரப் போட்டாச்சு."

"அடப்பாவி மனுஷா! நம்பரைன்னா தேய்ச்சுத் தள்ளியிருக்கீர்! திருட்டு வண்டி விக்கறவன் பண்ற காரியம் இது."

நாகேஸ்வரன் அந்த வெறும் இடத்தைப் படம் எடுத்தார். "இதை இப்படியே விட முடியாது ஓய்," என்று சொல்லிவிட்டு, தகரத்துக்குக் கீழே சிக்னல் கிடைக்காததால் போனோடு ரோட்டுப் பக்கம் போய்விட்டார்.

"போலீஸுக்குத்தான் அடிக்காரு," என்றாள் ஆவுடைத்தாய்.

"சும்மா இரிட்டி. ஏல ரசீது இருக்குல்லா நம்மகிட்ட?"

"ரசீதுல நம்பர் இருக்கும், வண்டியில இல்லையே! திருட்டு வண்டின்னு வாயால சொல்லிட்டுல்லா போறாரு. உங்ககிட்ட நம்பர் குத்துற அச்சு இருக்குல்லா? அடிச்சிருங்க. பெயிண்டுக்கு அடியில கெடந்துது, சுரண்டுனேன் தெரிஞ்சுதுன்னு சொல்லிருங்க."

"அவரு கண்ணால பாத்தாச்சுட்டி."

"பின்ன என்ன செய்ய? வெள்ளிக்கிழமை போனா எல்லாம் போச்சு!"

தளவாய் வெளியே எட்டிப் பார்த்தான். நாகேஸ்வரன் கையை ஆட்டி ஆட்டி யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், பயம் தலைக்கேறிவிட்டது. அச்சுப் பெட்டியைத் திறந்தான். ரசீதைப் பார்த்துப் பார்த்து எட்டு எண்களை எட்டு அடியில் இறக்கினான். அந்த அவசரத்திலும் வரிசை நூல் பிடித்தது போல நேராக வந்தது, பாழாய்ப்போன கை! பிறகு கிரீஸையும் கரியையும் குழைத்து அதன்மேல் பூசினான். வாழ்க்கையில் முதல் தடவையாக இரும்பைப் பழசாகக் காட்டப் பாடுபட்டான்.

நாகேஸ்வரன் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார்.

"பொழைச்சீர் ஓய்! ரிசார்ட் மேனேஜர் சுதீஷைப் பிடிச்சேன். ஏலத்தன்னிக்கு நம்பரோட எடுத்த போட்டோ அவன்கிட்ட பத்திரமா இருக்கு. லெட்டரோட நாளைக்கே தரேங்கறான். துரு எடுக்கறச்சே நம்பர் அழிஞ்சுபோச்சுன்னு எங்க ஆபீஸ்லயும் சண்டை போட்டு ஒத்துக்க வச்சாச்சு. வெறும் இடத்தோட படத்தையும் அனுப்பிட்டேன்." பேனாவை எடுத்தார். "நாலு லட்சம் எழுதறேன். உம்ம கூலியும் சேர்த்துத்தான். திருப்திதானே?"

ஆவுடைத்தாய் தூணைப் பிடித்துக்கொண்டாள். நாகேஸ்வரன் நாலு லட்சம் என்று எழுதி முடித்துவிட்டு, "ஆபீஸ்ல கிட்டக்க இன்னொரு படம் கேட்கறா," என்றபடி டார்ச்சைப் போட்டுக் குனிந்தார்.

குனிந்தவர் நிமிர நேரமாயிற்று. கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். கரி வழிந்தது. அடியில் எண்கள் புதுசாகப் பளபளத்தன.

"இது எப்போ வந்தது?"

"பெயிண்டுக்கு அடியில சாரே..." அதற்குமேல் அவனால் பொய்யை இழுத்துக்கொண்டு போக முடியவில்லை.

"அழிஞ்ச நம்பருக்கு நான் பொறுப்புன்னு இப்பத்தான் சொல்லிட்டு வரேன். அடிச்ச நம்பருக்கு என்ன சொல்லுவேன், தளவாய்?" கோபத்தைவிட அந்தக் குரலில் வருத்தம்தான் இருந்தது. அதைத்தான் தளவாயால் தாங்க முடியவில்லை.

"இப்பமே கிரைண்டர் வச்சு எடுத்துருதேன் சாரே."

"தொடாதீர்!" நாகேஸ்வரன் கத்தினார். "இனிமே இதுல என் கையெழுத்து இல்லை. கம்பெனி வேற ஆளை அனுப்பும். அவா வந்து விசாரிக்கட்டும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள சாரே?"

அவர் நாலு லட்சத்தின்மேல் குறுக்கே ஒரு கோடு போட்டு, பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

"நான்தான் அடிக்கச் சொன்னேன். என்னை ஏசுங்க, ரெண்டு அடி வேணும்னாலும் போடுங்க," என்று ஆவுடைத்தாய் அழுதாள்.

"நீ சொல்லத்தான செஞ்ச," என்றான் தளவாய். பிறகு ஆஸ்பத்திரி ஆபீஸ் நீதுவுக்கு அவனே போன் போட்டான்.

"மேடம், வேற வண்டி பாத்துக்கிடுங்க."

"ஐயோ, வண்டிக்கு எந்து பற்றி, என்ன ஆச்சு?" என்று பதறினாள் அவள்.

"வண்டிக்கு ஒரு கொறையும் இல்ல மேடம்," என்றான் தளவாய். "நான்தான் கெடுத்துட்டேன்."