நரசிம்மலு உட்கார வேண்டிய சோபா

பறக், பறக் என்று சத்தம் கேட்டதும் பத்மாவதி ரசத்துக்குக் கரைத்துக்கொண்டிருந்த புளியை அப்படியே போட்டுவிட்டு முன்னறைக்கு ஓடினாள். ஐந்து மாத வயிற்றோடு ஓடுவது என்ன ஓட்டம், ஆனாலும் ஓடினாள். சாம்பல் வரிப்பூனை சோபாவின் கைப்பிடிக்குக் கீழே பின்னங்கால்களை ஊன்றி நின்று, முன்னங்கால் நகங்களை மெரூன் வெல்வெட்டில் பதித்துச் சாவகாசமாக இழுத்துக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்தும் அசையவில்லை. விளக்குமாறு பக்கத்தில் வந்து விழுந்த பிறகுதான், போனால் போகிறதென்று இறங்கி ரங்கநாயகியின் அறைக்குள் போனது. "வா கண்ணு, பயந்துட்டயா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பயந்துவிட்டதாம்! பயந்த மூஞ்சியைப் பார்க்கவில்லையா இவள்!

ரங்கநாயகி, பத்மாவதியின் கணவன் பாலகோபாலுக்கு அக்கா. புருஷன் செத்துப் பிறந்த வீட்டுக்கு வந்தவள், தாயில்லாத தம்பியை வளர்த்து, கணபதி என்கிற ஊரில் அவன் லேத்துப் பட்டறை போடும்வரை இந்த வீட்டைக் கட்டிக் காத்தாள். அதை யாரும் மறுக்கவில்லை. பத்மாவதி அவளை வதினா என்று கூப்பிடுவாள். வீட்டுக்குள் தெலுங்குதான் பேச்சு. சண்டை மட்டும் தமிழில் நடக்கும், மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ராமாத்தாளுக்கும் புரிய வேண்டுமல்லவா. அந்தச் சண்டையிலும் ரங்கநாயகி குரலை உயர்த்த மாட்டாள். கோபம் ஏற ஏற வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' ஏறும். பூனை அவளுக்குக் 'கண்ணு'. தன்னைவிட இருபது வயது இளைய தம்பி பெண்டாட்டிக்கோ 'வாங்க', 'போங்க', 'சாப்பிடுங்க'. அந்த மரியாதையைக் கேட்டாலே பத்மாவதிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சோபா அவளுடைய சீர். ஐம்பத்தெட்டாம் வருஷம் தையில் கல்யாணம். அவளுடைய அப்பா, நாயினா என்று அவள் கூப்பிடும் நரசிம்மலு, கிணத்துக்கடவில் தென்னந்தோப்பும் கயிறு திரிக்கிற கொட்டகையும் வைத்திருப்பவர், ஈட்டி மரச் சட்டமும் வெல்வெட்டுமாகப் பார்த்துப் பார்த்து வாங்கி வண்டியிலேற்றி அனுப்பினார். வண்டியிலிருந்து அதை இறக்கும்போது உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் முன்னால் ரங்கநாயகி சொன்னாள்: "நல்லா இருக்குதுங்க. கயித்துக் கட்டல்ல உக்காந்து பழகுனவங்களுக்கு இதெல்லாம் ஆசையாத்தான் இருக்குமுங்க." நாயினா சிரித்துவைத்தார். சிரித்த முகம் எப்படிச் சுண்டிப்போயிற்று என்பது பத்மாவதிக்குத்தான் தெரியும்.

பெண்ணுக்குப் பிள்ளை உண்டாகி, கட்டுச்சோறு கொண்டுவந்து அவளைப் பிரசவத்துக்கு அழைத்துப் போகும் நாள் வரை, மகள் வீட்டில் அப்பன் கை நனைப்பதுமில்லை, உட்காருவதுமில்லை என்பது அவர்கள் வகையறா வழக்கம். மூன்று தீபாவளிக்கும் நாயினா வந்தார். வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசிவிட்டு பஸ் ஏறினார். ஒன்பதாம் மாதம் கட்டுச்சோற்றுக்கு வரும்போது அவர் இந்தச் சோபாவில், ரங்கநாயகியின் கண்ணெதிரே, கால்மேல் கால் போட்டு உட்கார வேண்டும். வேறு எதுவும் வேண்டாம் பத்மாவதிக்கு. கிழிந்த சோபாவில் அவரை உட்காரவைத்தால் அன்றைக்குச் சொன்னதைவிடப் பெரிதாக ஒன்றைச் சொல்ல ரங்கநாயகிக்கு இடம் கிடைத்துவிடும்.

பூனையைக் கொல்லையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லி ரங்கநாயகியிடம் கேட்டும் பார்த்தாள். "வாயில்லாச் சீவனுங்க. நகம் வளருதுங்க, பிறாண்டுதுங்க. உங்க நாயினா இன்னுங் கொஞ்சம் கெட்டியான துணியாப் பாத்து வாங்கியிருக்கலாமுங்க" என்று பதில் வந்தது. பாலகோபாலிடம் சொன்னால், ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்கு நழுவினான். சீமெண்ணெய் தடவினாள், பூனை வரவில்லை, வீடு முழுக்க நாறியது, ரங்கநாயகி மூன்று நாள் மூக்கில் முந்தானையோடு நடமாடினாள். மிளகாய்ப்பொடி தூவினாள், தும்மியது பத்மாவதிதான்.

கடைசியில் ஊர்ப்புத்தி வந்தது. கிணத்துக்கடவில் எது ஆடினாலும், எது உடைந்தாலும் வைத்தியம் தேங்காய்நார்க் கயிறுதான். சொரசொரப்பு பாதத்தில் குத்தினால் பக்கத்தில் வராது என்று சோபாவின் நாலு காலிலும் இறுக்கிச் சுற்றினாள். பூனை வந்து மோந்து பார்த்தது. அப்புறம் என்ன, காணாததைக் கண்டதுபோல் கட்டிப்பிடித்துக்கொண்டது! நாளெல்லாம் கயிற்றை உரிப்பது, அலுத்தால் அப்படியே மேலே ஏறி வெல்வெட்டைக் கிழிப்பது. பத்மாவதி தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்தபோதுதான் ஒன்று பட்டது. கயிறு இருக்கும் இடத்துக்குத்தான் இந்தச் சனியன் வருகிறது. கயிற்றை வேறெங்காவது கொண்டுபோனால் தானும் போய்விடும்.

பட்டறையில் சொன்னால் ஒரு மரக்கட்டை கொண்டுவந்து போட்டிருப்பார்கள். அது அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் பின்தாழ்வாரத்தில் வேங்கைமரப் பெஞ்சு கிடந்தது. ரங்கநாயகியின் அப்பா வெங்கடபதி சாகும்வரை உட்கார்ந்திருந்த பெஞ்சு. சோபா வந்த அன்று முன்னறையிலிருந்து பின்னால் போனது. அடுத்த மாதம் எங்கிருந்தோ ஒரு பூனைக்குட்டி வந்தது. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ரங்கநாயகி அந்தப் பெஞ்சுக்கு விளக்கெண்ணெய் தேய்த்துத் துடைப்பாள். ரங்கநாயகி கோயிலுக்குப் போயிருந்த வேளையில் பத்மாவதி அதன் காலிலும் விளிம்பிலும் கயிற்றைச் சுற்றினாள். கொட்டகையில் நாயினா சொல்லிக்கொடுத்த முடிச்சைப் போட்டாள்: இரண்டு சுற்று, வால் உள்ளே. மேலே கொஞ்சம் கருவாட்டுத் தண்ணீரும் தெளித்தாள்.

பூனை சோபாவை மறந்தே போயிற்று. அவள் கிழிசலைச் சிவப்பு நூலால் இழையோட்டி, அந்தப் பக்கத்தைச் சுவரோரம் திருப்பிவைத்தாள். எண்ணெயும் துணியுமாகப் பின்னால் போன ரங்கநாயகி வெகுநேரம் வரவில்லை. பத்மாவதி போய் எட்டிப்பார்த்தாள். கயிற்றுக்கு மேலும் கீழும் மரம் சிராய் சிராயாகப் பிய்ந்திருந்தது. ரங்கநாயகி உள்ளங்கையால் அதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"யாருங்க இதுல கயிறு சுத்துனது?"

"தெரியலீங்க வதினா. நாம் பாக்கலீங்க."

ரங்கநாயகி தலையாட்டினாள், கயிற்றை அவிழ்க்காமல் அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. நல்லா வேணும் என்று நினைத்தாள் பத்மாவதி. அன்று இரண்டு கரண்டி சோறு கூடவே சாப்பிட்டாள்.

ஒன்பதாம் மாதம் நல்ல நாள் பார்த்து நாயினா வந்தார். கூடவே ஏழெட்டு உறவுக்காரர்கள், தூக்குத் தூக்காகப் புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு. பத்மாவதி விடியற்காலையிலேயே எழுந்து சோபாவைத் தட்டித் துடைத்து வைத்திருந்தாள். நாயினா கால் கழுவிவிட்டு முதல்முறையாக முன்னறைக்குள் வந்தார். வெள்ளைச் சட்டை, புது வேட்டி. உட்காருங்கள் என்று சொல்ல அவள் வாயெடுத்தபோது பட்டறை ஆட்கள் இரண்டு பேர் வேங்கைமரப் பெஞ்சைத் தூக்கிவந்து சோபாவுக்கு எதிரே போட்டார்கள். பின்னாலேயே ரங்கநாயகி வந்தாள்.

"ஏனுங்க சம்பந்தி, இதுல உக்காருங்க. எங்கப்பா உக்காந்த எடமுங்க. அவருக்கப்புறம் இந்த ஊட்டுல யாரையும் நாங்க இதுல உக்கார வெச்சதில்லீங்க."

அதற்குமேல் ஒரு மனிதர் என்ன செய்வார்? நாயினா நெகிழ்ந்துபோய்ப் பெஞ்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார். விளிம்பைப் பிடித்த கையில் சிராய் குத்தியது. குனிந்து பார்த்தார்.

"பூனை பண்ணுன வேலைங்க" என்றாள் ரங்கநாயகி. "யாரோ கயிறு சுத்தி அதைப் பழக்கி உட்டிருக்கறாங்க. யாருன்னு உங்க பொண்ணுக்கும் தெரியலீங்களாம்."

நாயினாவின் விரல் கயிற்றின் மேல் ஊர்ந்து போய் முடிச்சில் நின்றது. இரண்டு சுற்று, வால் உள்ளே. அவர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். கல்யாணத்தன்று வண்டியருகே பார்த்த அதே முகம். இந்தமுறை அவர் சிரித்துவைக்கவில்லை. பத்மாவதி சோபாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, பூனை இழுத்துத் தளர்ந்துபோயிருந்த கயிற்று நுனியை, கை பழக்கத்தில், உள்ளே செருகி இறுக்க ஆரம்பித்தார்.

தன் கயிற்றின்மேல் யாரோ உட்கார்ந்திருப்பதைப் பூனை வாசற்படியில் நின்று பார்த்தது. கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு வந்து சோபாவில் ஏறி, உடம்பை நீட்டி முறித்து, வெல்வெட்டில் நகத்தைப் பதித்தது. பறக், பறக். யாரும் விரட்டவில்லை.