பாஸ்டரின் வாயும் டெல்வினின் குரலும்

பாஸ்டர் டின்ஹோல்ட் வாயைத் திறந்தார். எங்கள் வண்டி ரேடியோவில் என் புருஷன் டெல்வினின் குரல் வந்தது. மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயிலில், ஊரில் பாதிப்பேர் அவரவர் வண்டிக்குள் உட்கார்ந்து ஆராதனை கேட்டுக்கொண்டிருந்தபோது இது நடந்தது. அந்தக் குரலை ரேடியோவுக்குள் அனுப்பிய பாட்டுப் பெட்டியை ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்தவள் நான்தான். அதனால் முதலில் அதைக் கொஞ்சம் திட்டிவிட்டு மேலே போகிறேன்.

அதன் பெயர் விர்லோ. போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஊர்க் கடையில் வாசலிலேயே மலைபோல் குவித்து வைத்திருந்தார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும், ஆயிரம் பாட்டு கொள்ளும், பேசினால் பதிந்து வைத்துக்கொள்ளும், கம்பியே இல்லாமல் வண்டி ரேடியோவில் பாடும் என்று அட்டையில் போட்டிருந்தான். மலிவாகக் கிடைத்தால் எங்கள் ஆட்கள் விடமாட்டார்கள். மிச்சிகனின் இந்த மேற்குக் கரையில் இருப்பவர்கள் எல்லாம் டச்சுக்காரர்களின் பேரப்பிள்ளைகள், சிக்கனம் எங்கள் ரத்தத்தில் ஊறியது. வீட்டுக்கு ஒன்று வாங்கினோம். ஜனவரி பிறப்பதற்குள் வீட்டுக்கு ஒரு புகார் இருந்தது.

தபால்காரர் வாங்கியது ஒரே பாட்டைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் விடவில்லை. என் அக்கா மகளுடையது எந்தப் பாட்டையும் பாதிக்குமேல் பாடாது. என் சிநேகிதி கொரீன் டைக்ஹவுஸ் ஒரு நாள் காலை போன் பண்ணி, "ஆர்லீன், எங்க சமையக்கட்டு ரேடியோல யாரோட பாட்டோ வருது. எதிர்வீட்டுக்காரன் தோட்டத்துல அந்தப் பெட்டியோட நிக்கிறான். அவன் கேக்கறதெல்லாம் எனக்கும் கேக்குது" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எங்கள் வீட்டுப் பெட்டியோ தானாக விழித்துக்கொண்டு பாடும். அணைத்தால் திரை மட்டும் இருளும், உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும்.

திருப்பிக் கொடுக்கப் போனால் கடைக்காரி, பின்னால் இருக்கும் ஓட்டையில் ஊசியால் குத்தச் சொன்னாள். குத்தினேன். கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"ஒரு தடவை அணைச்சுப் போட்டுப் பாத்தீங்களா மேடம்?" என்றான் ஒருவன்.

"அது அணைய மாட்டேங்குதுன்னு சொல்லத்தான்யா கூப்பிட்டேன்."

"சரி மேடம். அப்போ ஒரு தடவை அணைச்சுட்டு மறுபடி கூப்பிடுங்க."

டெல்வின் மட்டும் குறை சொல்லவில்லை. நான் கொடுத்த பரிசு என்பதால் வண்டியிலேயே வைத்துக்கொண்டான். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கேட்கிறேன் என்றான்.

வேலை என்றால் எங்கள் ஊரில் ஒரே வேலைதான், ஆபீஸ் நாற்காலி செய்யும் தொழிற்சாலை. குளிர்காலத்தில் அங்கே ஆட்களைக் குறைக்க ஆரம்பித்தார்கள். யாருக்காவது வேலை போனால், மறுநாள் அந்த வீட்டுக்குக் கோழியும் நூடுல்ஸும் சீஸும் போட்டு வேகவைத்த தட்டை மூடி எடுத்துக்கொண்டு போவது எங்கள் பெண்களின் வழக்கம். மரணத்துக்கும் அதே தட்டு, பிரசவத்துக்கும் அதே தட்டு. அந்தக் குளிர்காலம் முழுக்க நான் தட்டு தூக்கினேன். கொரீனின் புருஷன் வெர்லினுக்கு வேலை போனபோதும் தூக்கினேன். கொடுத்துவிட்டு வாசலில் நின்று, "கடவுள் புண்ணியத்துல டெல்வினைத் தொட மாட்டாங்க. அவன் இல்லாம அந்த லைன் ஓடாது" என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன். கொரீன் தட்டை வாங்கிக்கொண்டு நன்றி என்றாள். எனக்கு ஒரே பெருமை. தட்டு கொடுக்கும் வீடாக இருப்பதில் ஒரு மிதப்பு இருக்கிறது, அதை நான் ருசித்து அனுபவித்தேன்.

கோடை தொடங்கியதும் எங்கள் சபை பழைய திறந்தவெளி சினிமாக் கொட்டகைக்கு மாறிவிடும். சினிமா போய்ப் பல காலமாகிறது, மைதானம் மட்டும் இருக்கிறது. சிற்றுண்டிக் கடையின் மொட்டை மாடியில் பாஸ்டர் நின்று பேசுவார். நாங்கள் வண்டியிலிருந்து இறங்காமல், கண்ணாடியை ஏற்றிவிட்டு, ரேடியோவில் கேட்போம். ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் ஹாரன் அடிப்போம். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அன்றுதான் அந்த வருஷத்தின் முதல் ஆராதனை. அந்த விர்லோக்கள் ஊருக்கு வந்தபிறகு நடக்கும் முதல் ஆராதனையும் அதுதான். அந்தப் பெட்டி தானாக விழித்துக்கொண்டால் எந்த அலைவரிசையில் பாடுமோ, அதே அலைவரிசையில்தான் சபையும் ஒலிபரப்பியது. இது யாருக்கும் தெரியாது.

பெட்டி எங்கள் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே சார்ஜில் கிடந்தது. ஜெபம் முடிந்தது, பாட்டு முடிந்தது. பாஸ்டர் மேலே கையை விரித்து வாயை அசைக்கிறார், ரேடியோ கரகரத்தது.

"என் பேரு டெல்வின் ஸைல்ஸ்ட்ரா. நாற்காலி கம்பெனில லைன் சூப்பர்வைசரா இருந்தேன்."

நான் பக்கத்தில் திரும்பினேன். டெல்வின் வாயைத் திறக்கவில்லை. முகம் சுண்ணாம்பாக இருந்தது.

ரேடியோவில் அவனே குரலைக் கனமாக்கிக்கொண்டு கேட்டான். "அந்த வேலையை ஏன் விட்டீங்க?" பிறகு அவனுடைய சொந்தக் குரல். "விடலீங்க. மார்ச்லயே அனுப்பிட்டாங்க." ஒரு இருமல். "இல்ல, இப்படி அழுமூஞ்சியாச் சொல்லக் கூடாது. மறுபடி." மறுபடியும் அதே கேள்வி, அதே பதில், கொஞ்சம் கலகலப்பாக. பிறகு, "எந்த வேலைன்னாலும் சரிங்க. கூட்டிப் பெருக்கறதுன்னாலும் சரி. ஆனா வீட்டு நம்பருக்கு மட்டும் கூப்பிடாதீங்க. என் மனைவிக்கு இன்னும் தெரியாது."

நான் பாய்ந்து ரேடியோவை அணைத்தேன். டெல்வின் பெட்டியை எடுத்து எல்லாப் பொத்தான்களையும் அமுக்கினான். திரை இருண்டது. அதை இருந்த இடத்திலேயே வைத்தான். நல்லவேளை, எங்கள் வண்டியோடு போயிற்று என்று எனக்கு மூச்சு வந்தது. கொரீன் சொன்ன சமையல்கட்டு ரேடியோ அந்த நேரம் என் புத்தியில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"மார்ச்சா?" என்றேன்.

"ஆர்லீன், வேலை தேடித் தர்ற ஆபீஸ்ல ஒரு பொண்ணு சொல்லுச்சு, பேசிப் பதிஞ்சு கேட்டுப் பாருங்க, பயம் போயிடும்னு. ஏரிக்கரைல வண்டிய நிறுத்தி..."

"தினமும் காலைல சாப்பாடு கட்டிக் குடுத்தேனே. அதை எங்க வச்சுத் தின்ன?"

"ஏரிக்கரைலதான்."

"சம்பளம்?"

"கணக்கு முடிச்சு அனுப்பறப்ப அவங்க தந்த பணம் அது. ஒரு வேலை கிடைச்சதும் சொல்லிக்கலாம்னு..."

அதற்குப் பிறகு நான் அவனைப் பேசவிடவில்லை. கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் பேசுவது நம் வீட்டு அறைக்குள் பேசுவது மாதிரிதானே என்ற தைரியம். என்னென்ன சொன்னேன் என்பதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் கேட்டவர்கள் ஒரு ஊர் இருக்கிறார்கள், மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

"நான் யார் மூஞ்சில முழிப்பேன்?" என்றேன். "இத்தனை நாள் தட்டு தூக்கிட்டுப் போனவ வீட்டுக்கு இனி எல்லாரும் தட்டு தூக்கிட்டு வருவாளுங்க. கொரீன்தான் முதல்ல வருவா, பாரு. மூஞ்சியப் பாவமா வச்சுட்டு. அவ வைக்கிற கோழி தொண்டைல இறங்காது, அதையும் நல்லா இருக்குன்னு சொல்லித் தின்னணும். வெர்லின் மாதிரி சோபாவுல கெடக்கிற சோம்பேறியக் கட்டிக்கலன்னு நெனச்சேன் டெல்வின். அவனாவது பொண்டாட்டிகிட்ட உண்மையச் சொன்னான். நீ அவனவிடக் கேவலம்."

எங்கோ ஒரு வண்டி நீளமாக ஹாரன் அடித்தது. பாஸ்டர் நல்லதாக ஏதோ சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அது கிழவர் ஹார்ம் வியர்ஸ்மா என்று பிறகு தெரிந்தது. அவருக்குக் காது மந்தம், சத்தம் ஏறினால் ஹாரன் அடிப்பார்.

டெல்வின் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தான். "சொல்லணும்னுதான் தினமும் வீட்டுக்கு வருவேன்" என்றான். "நீ யாரோ ஒருத்தருக்கு வேலை போன கதையச் சொல்லிட்டு இருப்ப. சொல்ற விதத்தைக் கேட்டா வாய் வராது."

"அப்போ தப்பு என் மேல?"

நான் இன்னும் கொஞ்சம் திட்டினேன். எவ்வளவு நேரமோ.

அப்போதுதான் பாஸ்டர் மாடியில் இல்லை என்று கவனித்தேன். வண்டிகளுக்கு நடுவே புல்லில் நடந்து எங்களை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தார். கண்ணாடியில் தட்டினார். இறக்கினேன்.

"ஆர்லீன், உங்க வண்டில ஏதோ ஓடிட்டு இருக்கு. அந்தப் பாட்டுப் பெட்டியா இருக்கும்னு சொல்றாங்க. கொஞ்சம் நிறுத்துறீங்களா?"

"ரேடியோவ அப்பவே அணைச்சுட்டேனே பாஸ்டர்."

"உங்க ரேடியோவ அணைச்சிட்டீங்க." அவர் தன் பூட்ஸைப் பார்த்தார். "அந்தப் பெட்டில ஒரு நீல விளக்கு இருக்குமாம். அது எரிஞ்சா உள்ள பேசறது எல்லாம் வெளிய போகுமாம். எனக்கு மாடில ஒண்ணும் கேக்கல, இப்பத்தான் வந்து சொன்னாங்க."

"எப்பலேர்ந்து கேக்குது?"

அவர் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். "ஆரம்பத்துலேர்ந்துன்னு நெனைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, என் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார்.

தலையைத் தூக்கினேன். அத்தனை வண்டிகளிலும் அத்தனை பேரும் நேராக, காலியான மொட்டை மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தலைகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. எங்கள் ஊரில் இதற்குப் பெயர் மரியாதை. ஆனால் ஒருவர்கூட ரேடியோவை அணைத்த மாதிரியும் தெரியவில்லை. இரண்டு வண்டி தள்ளிக் கொரீன் மஞ்சள் உடுப்பில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வெர்லின் இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தான். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மண் பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

டெல்வின் பெட்டியின் கம்பியைப் பிடுங்கக் கையை நீட்டினான். நான் அவன் கையைப் பிடித்தேன்.

"இரு" என்றேன். "ஊருக்கே கேக்கத் திட்டியிருக்கேன். மன்னிப்பும் ஊருக்குக் கேக்கட்டும்."

பெட்டியை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அதன் பக்கம் குனிந்தேன்.

"கொரீன், வெர்லின். கேட்டுட்டு இருக்கீங்கன்னு தெரியும். நான் பேசினது அசிங்கம். வெர்லின் சோம்பேறி இல்ல. கொரீனோட கோழியில ஒரு குறையும் இல்ல, எனக்குத்தான் பொறாமை. நான் உங்களுக்காகத் தட்டு கொண்டுவரல. என் வீடு நல்லா இருக்குன்னு காட்டத்தான் கொண்டுவந்தேன்." எச்சில் விழுங்கிவிட்டுத் தொடர்ந்தேன். "டெல்வின் ஒரு தப்பும் பண்ணல. வேலை போனா வீட்டுக்கு வந்துதான் மொதல்ல அழணும். அவன் ஏரிக்கரைல போய் ஒக்காந்தான்னா, வீட்ல நான் அந்த மாதிரி இருந்திருக்கேன். இத்தனை வருஷம் என்கூட இருந்த மனுஷனைக் கேவலம்னு சொல்லிட்டேன். அவனவிட நல்ல மனுஷன நான் பாத்ததில்ல. அவ்வளவுதான்."

கண்ணைத் திறந்தேன். டெல்வின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், கண்கள் நிறைந்திருந்தன. வெளியே எந்தச் சத்தமும் இல்லை. மஞ்சள் உடுப்பு அசையவில்லை.

"ஒருத்தரும் ஒண்ணும் பண்ண மாட்டேங்கறாங்களே" என்றேன். "மன்னிக்க மாட்டாங்க போல."

"அவங்களுக்குக் கேக்கல ஆர்லீன்."

"என்ன?"

"விளக்கு அணைஞ்சிருச்சு. நீ என் கையப் பிடிச்சப்பவே அது செத்துப்போச்சு. நீ சொன்னது எதுவும் வெளிய போகல."

பெட்டியைப் பார்த்தேன். கருப்பாகக் கிடந்தது.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"நான் பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியேவா?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாமே டெல்."

அவன் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். கோபமாகச் சொல்லவில்லை, குத்திக்காட்டியும் சொல்லவில்லை.

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்ப" என்றான்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.