கக்கூசுக் குழியின் முருகைக்கல்

நாலு பரப்புக் காணிக்காகப் பத்து வருசம் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியவள் றஷீதா. தொண்ணூறில், காட்டிக்கொடுப்பார்கள் என்ற சந்தேகத்தில், மற்ற முஸ்லிம்களோடு யாழ்ப்பாணத்தை விட்டுத் துரத்தப்பட்ட குடும்பம். திரும்பி வந்தபோது காணி உறுதிப் பத்திரமும் இல்லை, வேலியும் இல்லை. அப்படி மீட்ட கொழும்புத்துறைக் காணியில் கக்கூசுக்குக் குழி வெட்டும்போது பல்கலைக்கழகத்துப் பெட்டை ஒருத்தி வந்து எட்டிப் பார்த்தால் சந்தேகம் வராதா?

குருநகர்க் கிறிஸ்ரினா அவள். ஆறடி ஆழத்தில் தெரிந்த முருகைக்கல்லில், கடலில் வளர்ந்த பழைய பவளப்பாறையில், ஒரு துண்டு உடைத்துப் பைக்குள் போட்டாள்.

"இது எப்ப செத்ததெண்டு பார்த்தால், அந்த நேரம் கடல் எவ்வளவு உயரம் நிண்டது, முருகையெல்லாம் ஏன் அழிஞ்சதெண்டு தெரியும், அன்ரி."

"வயசைப் பார்த்து அந்தக் கணக்கை ஆருக்குக் குடுப்பியள்?"

"அறிக்கை எழுதுவம். ஆரும் வாசிக்கலாம்."

ஆரும் வாசிக்கலாமாம்! தொல்பொருள் இடம் என்று எவனாவது பலகை நட்டால் காணி போச்சு. கிறிஸ்ரினா பையை வைத்துவிட்டுப் போன் கதைக்க ஒழுங்கைக்குப் போன நேரம், றஷீதா பையிலிருந்த கல்லைக் குழிக்குள் எறிந்துவிட்டு, பூச்சாடியில் அழகுக்குக் கிடந்த, கடற்கரையில் பொறுக்கிய முருகைத் துண்டொன்றைப் போட்டாள்.

நாலு மாதம் கழித்துக் கிறிஸ்ரினா வந்தாள். அதற்குள் கக்கூசு கட்டி முடிந்திருந்தது.

"பக்கத்துக் காணிக் கல்லெல்லாம் ஒரு லட்சம் வருசத்துக்கு மேலை. உங்கடை கல் செத்து முப்பது வருசம்கூட இல்லை. ஆறடிக்குக் கீழை இவ்வளவு புதுக் கல் கிடந்ததெண்டால், இது கடலை நிரப்பி எடுத்த நிலமெண்டுதான் எழுதவேணும் போலை."

நிரப்பிய நிலம் என்றால் அரசாங்கக் காணி என்று சொல்ல எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்! தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டாயிற்று.

"அது என்ரை குழிக் கல் இல்லை, பிள்ளை. நான்தான் மாத்தினனான்."

"ஏன் அன்ரி?"

"பயம்."

அடுத்த நாள் கக்கூசுக்குப் பக்கத்தில் ஆள் பிடித்து இன்னொரு குழி வெட்டுவித்தாள் றஷீதா. கிறிஸ்ரினா தானே இறங்கிக் கல்லை உடைத்தாள், படம் எடுத்தாள், பையின் வாயை இறுக்கிக் கட்டினாள். ஏறி வந்தவளிடம் றஷீதா தேத்தண்ணியை நீட்டினாள்.

"பையை உதிலை வைச்சிட்டு இருந்து குடி, பிள்ளை."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது; போனமுறை கல்லை மாற்றியதும் அவள் வைத்துவிட்டுப் போன பையில்தானே. காரணமில்லாமல் தன்னைச் சந்தேகப்பட்டவர்கள் மேல் அவளுக்கு முப்பது வருசக் கோபம் இருந்தது. இந்தப் பிள்ளை சந்தேகப்பட்டால் கோபப்பட ஒரு வழியும் இல்லை.

"பரவாயில்லை, அன்ரி. பை என்னட்டையே இருக்கட்டும்" என்று சொல்லி, கிறிஸ்ரினா நின்றபடியே குடித்தாள்.