பத்தாம் நம்பர் மலை தெரிகிற பெஞ்சு

அழகம்மாவின் மகள் ஜெயந்தினி பெஞ்சின் மேல் ஏறி நின்றபோது அவளுக்கு எட்டு வயது. அவளை ஏற்றிய நாகலெட்சுமி டீச்சர் பென்சன் வாங்கிய வருடமும் அவள் அதே பெஞ்சில், அதே எட்டு வயதோடுதான் நின்றாள். பொகவந்தலாவைப் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தேயிலை விலை ஏறியது, இறங்கியது. ஜெயந்தினி இறங்கவில்லை.

டீச்சர் அந்தத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலேயே பிறந்தவர். அவரைப் படிக்கவைக்க அவருடைய அம்மா மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று கொழுந்து எடுத்தாள். மகளுக்கு வேலை கிடைத்துப் பள்ளிக்கூடக் குவாட்டர்ஸில் குடியேறியதும், இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று அம்மாவுக்கு உத்தரவு வந்தது. வாசலில் முதுகில் கூடையும் இடுப்பில் கட்டிய படங்குமாக ஒருத்தி நின்றால் டீச்சரின் மரியாதை என்ன ஆவது? ஏறிவந்த ஏணியை எட்டி உதைப்பது என்பது இதுதான். ஒருநாள் கல்விக் கந்தோரிலிருந்து பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த அதிகாரி, பிள்ளைகள் முன்னால், "அம்மா அப்பா எங்க இருக்காங்க டீச்சர்?" என்று பேச்சுக்குக் கேட்டார். "ஹட்டன் டவுன் சார். அப்பா கடை வச்சிருந்தாங்க. ரெண்டு பேரும் தவறிட்டாங்க" என்றார் டீச்சர். முன்வரிசையில் இருந்த ஜெயந்தினி, நல்ல செய்தி சொல்கிறவளாய் எழுந்தாள். "இல்லீங்க டீச்சர், ஒங்கம்மா சாகலீங்க. பத்தாம் நம்பர் மலையில எங்கம்மாவுக்குப் பக்கத்து நெறையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருக்காங்க."

"பொய் சொல்ற வாய்! பெஞ்சு மேல ஏறு. பொய்னு ஒத்துக்கிற வரைக்கும் எறங்கக் கூடாது" என்றார் டீச்சர். ஜெயந்தினி ஏறினாள். சொன்னது பொய்யில்லை என்பதால் ஒத்துக்கொள்ளவும் தெரியவில்லை. பள்ளிக்கூடம் விட்ட பிறகும் நின்றாள். தூக்கி இறக்க வந்தவர்களால் அவள் காலைப் பலகையிலிருந்து பிரிக்க முடியவில்லை. கிழட்டுத் தேயிலை மரத்தைப் பிடுங்குவதுபோல் இருந்தது என்று கைவிட்டார்கள். அழகம்மா தினமும் வேலைக்குப் போகிற வழியில் ரொட்டியும் சம்பலும் ஊட்டிவிட்டுப் போனாள். எத்தனையோ தடவை டீச்சரின் காலில் விழுந்தாள். "அது சொன்னது நெசம்னு ஒரு வார்த்த சொல்லிருங்க டீச்சர், எறங்கிரும்." டீச்சருக்கு அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை. கூரைத் தகரம் மாறியது, அதிபர்கள் மாறினார்கள். வந்தவர்கள் எல்லாரும் பேர் கூப்பிடுகிற இடாப்பில் ஜெயந்தினிக்கு வரவு போட்டார்கள். கூடப் படித்தவர்கள் கல்யாணம் கட்டி, தங்கள் பிள்ளைகளை அதே பெஞ்சில் அவள் காலடியில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள்.

டீச்சரின் அம்மா உண்மையிலேயே செத்த அன்று சாவுக்கு அடிக்கிற தப்புச் சத்தம் வகுப்புவரை கேட்டது. பள்ளிக்கூடத்துச் சுவர் பாதிதான்; பெஞ்சில் நிற்கிறவளுக்கு மலை முழுக்கத் தெரியும். "டீச்சர், ஒங்கம்மாவத் தூக்கிட்டுப் போறாங்க" என்றாள் ஜெயந்தினி, மெதுவாக. டீச்சர் கையிலிருந்த சோக்கு ஒடிந்தது. முன்பே சாகடித்த அம்மாவுக்கு இப்போது எப்படி லீவு கேட்பது? "ஏழாம் வாய்ப்பாடு சொல்லுங்க" என்றார். தப்பு ஓயும்வரை பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பாவி, ஒருபிடி மண் போடப் போகவில்லை.

டீச்சருக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பிய மாதம் அழகம்மாவும் கண்ணை மூடினாள். ஊட்ட ஆளில்லாமல் ஜெயந்தினி வாடத் தொடங்கினாள். டீச்சரே ரொட்டி சுட்டுக்கொண்டு போனார். அவள் வாயைத் திறக்கவில்லை. பிள்ளை கண்ணெதிரே சாகப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் டீச்சருக்கு நெஞ்சு இளகியது. காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நின்று, "இவ சொன்னது நெசம். எங்கம்மா கொழுந்து எடுத்தவங்க. நாந்தான் பொய் சொன்னேன்" என்று தேம்பினார். பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அதுக்கென்னங்க டீச்சர்? எங்கம்மாவுந்தான் கொழுந்து எடுக்குறாங்க" என்றது ஒரு பிள்ளை.

ஜெயந்தினி இறங்கினாள். கால் தரையில் பட்டதும், காத்திருந்த வயதெல்லாம் ஒரே மூச்சில் அவள் மேல் வந்து இறங்கியது. முடி நரைத்தது, முழங்கால் வளைந்தது. அழகம்மா இருந்த லயத்துக் காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். தோட்ட வேலைக்குப் புதிதாய்ப் பேர் பதிய வயது போய்விட்டது என்றார் கணக்கப்பிள்ளை. அவள் திரும்பி வந்து பள்ளிக்கூடத்தைக் கூட்டத் தொடங்கினாள்.

அவள் வந்தபோது டீச்சர் பெஞ்சின் மேல் நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்து இத்தனை வருடமாய் என்னதான் தெரிந்தது என்று பார்க்க ஏறினாராம். பத்தாம் நம்பர் மலையில் அவருடைய அம்மா அழகம்மாவுக்குப் பக்கத்து நெறையில் குனிந்து கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். "அம்மா!" என்று கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. தொண்டை கட்டும்வரை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கால் பலகையில் ஒட்டிக்கொண்டதை உணர்ந்து, "என்னய எறங்கச் சொல்லு ஜெயந்தினி" என்றார்.

"நான் ஏறச் சொல்லலியேங்க டீச்சர்" என்றாள் ஜெயந்தினி, விளக்குமாற்றை நிறுத்தாமல்.

அம்மா ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் டீச்சர் இறங்கிவிடுவார். அவள் இன்னும் திரும்பவில்லை. மணி அடித்ததும் பிள்ளைகள் வந்து டீச்சரின் காலுக்கு இடம் விட்டு உட்கார்ந்து, ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்கிறார்கள்.