புங்கமரப் பள்ளிக்கூடம்

திண்டிவனத்துக்குக் கிழக்கே, எதற்கும் ஆகாத செம்மண் மேட்டில்தான் சேரிப் பள்ளிக்கூடத்துக்கு இடம் ஒதுக்கினார்கள். மழை பெய்தால் தண்ணீர் ஒரு சொட்டு நிற்காமல் பள்ளத்துக்கு ஓடிவிடும். வெயிலென்றால் பிள்ளைகளின் பாதம் கொப்பளித்துவிடும். ஒதுக்கிக் கொடுத்த மகராசன்கள் ஒருநாளாவது அங்கே செருப்பில்லாமல் நின்றிருப்பார்களா? எங்கே நிற்பது!

ஐம்பத்தேழில் அங்கே வேலைக்கு வந்தவர் சவுரிராயன் வாத்தியார். அதே சேரியில் பிறந்து படித்து வந்தவர், பிடிவாதக்காரர். சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டு, ஓடுகிற தண்ணீரை நிறுத்தினார். தாழ்ந்த மூலையில் குட்டை வெட்டினார். மேற்கு வெயிலை மறிக்கப் புங்கங்கன்றுகளும், ஆடு நுழையாமலிருக்கக் கிளுவை வேலியும் வைத்தார். மதியச் சாப்பாட்டுத் தட்டுக் கழுவுகிற தண்ணீர் வாழைக்குப் போனது. மண் சுமந்ததெல்லாம் பிள்ளைகளின் தாய்மார்கள். ஊரார் கழனியில் நடவு முடித்துவிட்டு வந்து, இடுப்பு ஒடிய வெட்டினார்கள். அவர்களில் முன்னே நிற்பவள் இருதயமேரி, பெரிய வாய்க்காரி.

“எங்க ஊட்டாண்ட ஒரு மரத்துக்கு வழியில்ல, இங்க காடு வளத்துக்கினு கெடக்கறீங்களே சார்!” என்று கேலி பேசுவாள். ஆனால் கோடையில் கன்றுகளுக்கு முதல் குடம் தண்ணீர் அவள் தலையில்தான் வரும்.

ஏழெட்டு வருஷத்தில் மேடு அடையாளம் தெரியாமல் மாறிப்போனது. உச்சி வெயிலிலும் புங்க மரத்தடி சில்லென்றிருந்தது. சித்திரையிலும் குட்டையில் தண்ணீர் கிடந்தது. வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. சும்மா இருந்திருக்கலாம். விழுப்புரத்துக்கு பஸ் ஏறிப் போய், கல்வி அதிகாரியை வருந்தி வருந்தி அழைத்துவந்து காட்டினார். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார், பாவி மனுஷன்.

அதிகாரியோடு ஊர்த் தலைவர் பாண்டுரங்கனும் வந்தார். அதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர், அன்றைக்கு நிழலை விட்டு நகரவேயில்லை.

“ஊர்ப் பசங்க ஓட்டுக் கட்டடத்துல வேகுதுங்க. இவ்ளோ நல்ல இடம் இங்க சும்மா கெடக்குது பாருங்க ஐயா,” என்றார் அதிகாரியிடம்.

சும்மாவாம்! எதிரே அத்தனை பிள்ளைகள் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தன.

அடுத்த மாதமே உத்தரவு வந்தது. ஊர்ப் பள்ளிக்கூடம் மேட்டுக்கு வரும், சேரிப் பள்ளிக்கூடம் சுடுகாட்டை ஒட்டிய கல்லாங்குத்துப் பொட்டலுக்குப் போக வேண்டும். வாத்தியார் பதறியடித்து விழுப்புரத்துக்கு ஓடினார்.

“எல்லாப் புள்ளைங்களும் ஒண்ணா இங்கியே படிக்கட்டுங்க ஐயா. இடம் தாராளமா இருக்குதுங்க,” என்று கெஞ்சினார்.

“அதெல்லாம் ஊர்ல பேஜாராயிடும். நீர் இருக்கும்போது என்னய்யா கவலை? அந்த இடத்தையும் ஜல்தியா சோலையாக்கிட மாட்டீரா?” என்று அதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அதற்குப் பதில் வாத்தியாரைச் செருப்பாலேயே அடித்திருக்கலாம்.

புது இடத்தில் கீற்றுக் கொட்டகை போட்ட மறுநாளே, இருதயமேரி கடப்பாரையும் கையுமாகப் பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

“வரப்பு எங்க போடணும் சார்? காட்டுங்க, மழைக்கு முந்தி முடிச்சிடலாம்.”

வாத்தியார் அவள் முகத்தைப் பார்க்கவே கூசினார்.

“வேணாம் மேரி. கடப்பாரைய எடுத்துக்கினு போயிடு.”

“ஏன் சார், இதுங்க வெயில்லியே காயணுமா?”

“காயட்டும். பொட்டலா இருக்கிற வரைக்குந்தான் இது நம்பளுது.”