அமுங்கிய ஓரம்

என் மனைவி இறந்த பிறகும் எங்கள் கடை அவள் குரலிலேயே பேசிக்கொண்டிருந்தது.

பழைய சோபாக்களைப் பிரித்து, புது ஃபோம் வைத்து, உறை தைத்துத் தருகிற கடை. வேலை என்னுடையது, பேச்சு அவளுடையது. வெள்ளிக்கிழமைதோறும் வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புவாள். அதைப் படித்துச் சிரித்துவிட்டுத்தான் பாதிப் பேர் சோபாவை அனுப்பினார்கள்.

அவள் போன பிறகு, போன வருடம் அதே வாரத்தில் அவள் அனுப்பியதை எடுத்து அப்படியே அனுப்பிவந்தேன். விஷயம் தெரிந்தவர்கள் கேட்கச் சங்கடப்பட்டிருக்கலாம். ஆர்டர் வந்தது.

ஒரு வெள்ளியன்று இது போனது: "மழை வந்தாச்சு சொந்தங்களே! கூரை ஒழுகுதுன்னு எங்க வீட்டுத் தந்திகிட்ட சொன்னேன். 'ம்'னார். அவருக்கு அதுவே சொற்பொழிவு. நீங்க சோபாவையாவது நனையாம பாத்துக்குங்க!"

தந்தி நான்தான்.

எங்கள் வாடிக்கையாளரான பல் டாக்டரம்மா போன் செய்தார்.

"தந்தி சார், வீட்டம்மாகிட்ட குடுங்க. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குதுன்னு நானே சொல்லணும்."

"அவ இல்லைங்க."

"எப்ப வருவாங்க?"

சொன்னேன். "அப்போ இதை யார் எழுதினது?" என்றார்.

"அவதான்."

போனை வைத்துவிட்டார்.

எதிர் மேசையில் துணி வெட்டிக்கொண்டிருந்த மச்சினி, என் மனைவியின் தங்கை, கத்தரியைக் கீழே வைத்தாள்.

"நீங்களா அனுப்புறீங்க அத்தான்? போன்ல ஏதோ தானா போகுதுன்னுல்ல நினைச்சேன்."

"ஆர்டர் வரணுமே."

"வரணும்தான். வராட்டி ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான். அதுக்காக அக்காவை இன்னமும் வேலைக்குக் கூப்பிடாதீங்க."

"அவளை மாதிரி எழுத எனக்கு வராது."

"யார் கேட்டா? உங்களை மாதிரி எழுதுங்க."

"எழுதவே வராது."

"காலேஜுக்கு எதுக்குப் போனீங்க, கேன்டீனுக்கா? காலையில துணி அடிக்கிற ஸ்டேப்ளரைத் தொடறதுக்கு முன்னாடி, நேத்து என்ன செஞ்சீங்க, என்ன நினைச்சீங்கன்னு எழுதுங்க. யாருக்கும் அனுப்ப வேணாம். தந்தியாவே இருக்கட்டும்."

எழுதினேன். ஒரு நாள்: ஸ்டேப்ளர் சிக்கியது. இன்னொரு நாள்: பழுப்பு ரெக்ஸின் தீர்ந்தது. என்ன நினைத்தேன் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை.

மச்சினி எட்டிப் பார்த்தாள். "கரண்ட் கட் அறிவிப்பு இதைவிட உருக்கமா இருக்கும்."

வெள்ளிக்கிழமைகள் செய்தி இல்லாமல் போயின. ஆர்டர் குறைந்தது. பட்டறையில் ஒரே ஒரு சோபா மிச்சமிருந்தபோது அதைப் பற்றி எழுதினேன்:

"ஒரு ஓரம் மட்டும் அமுங்கியிருந்தது. ஃபோமை மாற்றிச் சமமாக்கினேன். எல்லா சோபாவிலும் அதைத்தான் செய்கிறேன். அதுதான் நல்ல வேலை என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டு சோபாவில் அவள் ஓரத்தை எவனாவது சமமாக்கினால் கையை ஒடிப்பேன்."

திரும்பப் படித்தேன். எதையும் அடித்து அழிக்கத் தோன்றவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்கு இதை எழுதினேன்: "என் மனைவி இறந்துவிட்டாள். இதுவரை நீங்கள் படித்ததெல்லாம் அவள் எழுதியது. இனி நான் எழுதுவேன். சுருக்கமாக இருக்கும். சோபாவைப் பிரிக்கும் முன் ஒன்று கேட்பேன். அமுங்கிய இடம் எதையாவது அப்படியே விட வேண்டுமா? விட முடியும். உறையை மட்டும் மாற்றலாம். தந்தி."

மச்சினி படித்தாள். மறுபடி படித்தாள்.

"ஒரு ஜோக்கூட இல்ல."

"இல்ல."

"அனுப்புங்க அத்தான்."

கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. பல் டாக்டரம்மா எழுதினார்: "என் கிளினிக் சோபாவை எடுத்துட்டுப் போங்க. அதுல அமுங்கின இடமெல்லாம் பயந்து உக்காந்தவங்களோடது. ஒண்ணு விடாம நிமிர்த்திடுங்க." மச்சினி சிரித்தாள். எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து ஒன்று: "அப்பா உட்கார்ந்த ஓரம். நிஜமாகவே விட முடியுமா?"

முடியும் என்று அனுப்பினேன். வலமா, இடமா என்று கேட்டேன்.

"இடது."

எங்கள் வீட்டிலும் இடதுதான். அதை எழுதலாமா என்று யோசித்தேன்.

எழுதினேன்.