ஆளுக்கொரு ஸ்பீக்கர்

1
இந்தக் கதை என் அக்காவின் வசவிலிருந்து பிறந்தது. "அந்தப் பெட்டிய நிறுத்துறீங்களா, தூக்கித் தெருவுல எறியட்டுமா?" என்று அவள் தன் வீட்டுக்காரரிடம் கத்தினாள். தகடு அடிக்கும் பட்டறையில் காலம் முழுக்க உழைத்த மனிதர், என் மாமா.

'இசை என்பது ஆன்மாவின்' என்று எழுதத் தொடங்கி, கோடு போட்டு அடித்துவிட்டேன். நானும் பட்டறையில் வளர்ந்தவன். அந்த வரி என் வாயில் நிற்காது.

2
வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போனில் குரல்செய்தி அனுப்புவாள். அதை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டும் மாமாவுக்குச் சொற்கள் பிடிபடவில்லை. "பெட்டி மட்டம்" என்று, மலிவாக வாங்கிய இரண்டு ஸ்பீக்கர்களையும் பிரித்தார். உள்ளே மெத்தைப் பஞ்சு அடைத்தார். அதிர்ந்த பலகைக்குக் குறுக்குக் கட்டை கொடுத்தார். இடுக்குகளில் பசை அப்பினார். (நிஜமாகவே நன்றாகிவிட்டது. அக்காவே ஒப்புக்கொண்டாள்.)

அவருக்குப் போதவில்லை. பெட்டிக்குள் கீச்சுக்குரலுக்கென்று இருக்கும் சின்ன ஸ்பீக்கரை அடக்கி வைக்கிற ரெசிஸ்டரை இரண்டிலும் கழற்றி எறிந்தார். "இப்பத்தான் தெளிவா இருக்கு!" மகளின் ஒவ்வொரு 'ச'வும் அக்காவின் காதில் ஊசியாக ஏறியது.

3
மாமாவை வீம்புக்காரராக எழுதிப் பார்த்தேன். பொய். இரைச்சலில் உழைத்தவன் காதுக்கு முதலில் கேட்காமல் போவது மெல்லிய கீச்சொலிதான். எங்கள் பட்டறையில் அதைச் செவிடு என்பதில்லை. 'மத்தவன் முணுமுணுக்கறான்' என்போம். நான்கூட இப்போதெல்லாம்

(இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும்.)

4
"காது போச்சுன்னு ஒத்துக்கிட்டா என்ன, கிரீடமா எறங்கிடும்?"

"போனது போகட்டும். எம் பொண்ணு பேசுறத நீ சொல்லி நான் கேக்கணுமா?"

இந்த இடத்தில் அக்காவுக்குக் கண்ணீர் வைத்தேன், அடித்துவிட்டேன். அவள் திருப்புளியை எடுத்து நீட்டினாள். "ஒண்ண எனக்கு விட்டுடுங்க. இன்னொண்ண என்ன வேணா பண்ணித் தொலைங்க."

ஒரு பெட்டியில் ரெசிஸ்டர் திரும்ப ஏறியது. கூடத்துப் பெஞ்சின் அந்தக் கோடியில் அக்கா, தன் பெட்டியோடு. இந்தக் கோடியில் மாமா, தன்னுடையதைக் காதோடு அணைத்தபடி. சத்தத்தைக் குறைத்தாயிற்று.

5
மகளிடமிருந்து புதுச் செய்தி வந்திருக்கிறது. யாரும் இன்னும் கேட்கவில்லை.

முடிவு ஒன்று: மாமாவுக்கு எல்லாம் கேட்கிறது. முடிவு இரண்டு: கேட்கவில்லை, மறுபடி பெட்டியைப் பிரிக்கிறார். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலுமே அவர் திருப்புளியைக் கீழே வைக்க மறுக்கிறார்.

போனை உங்கள் கையில் தருகிறேன். செய்தியைப் போடுங்கள். மகள் என்ன சொன்னாள் என்று அவராகச் சொல்லும்வரை அக்காவும் நானும் வாயைத் திறக்க மாட்டோம். நீங்களும் திறக்காதீர்கள்.